விழுந்தது மூன்று: பகடை ஆட்டத்தில் சிறு குழந்தை எதைக் கற்கிறது?

நான்கு வயதுக் குழந்தை பகடையை உருட்டுகிறது. மூன்று விழுகிறது. காயை எடுத்து மூன்று கட்டம் நகர்த்துகிறது. பெரியவர்களுக்கு இது கண் சிமிட்டும் நேரத்து வேலை. குழந்தைக்கு அப்படியில்லை. மேல்முகத்துப் புள்ளிகளை எண்ண வேண்டும். எண்ணிய புள்ளியை மறுபடி எண்ணிவிடக் கூடாது. கடைசியாக வாயில் வந்த 'மூணு' என்பதுதான் மொத்தம் என்று விளங்க வேண்டும். அந்த மூன்றை மனத்தில் பிடித்துக்கொண்டே பார்வையைப் பகடையிலிருந்து கட்டத்துக்கு மாற்ற வேண்டும். காய் நிற்கும் கட்டத்தை விட்டுவிட்டு, அடுத்த கட்டத்தில் 'ஒண்ணு' என்று தொடங்க வேண்டும். பிறகு, போகும் வேகத்தில் நாலாவது கட்டத்துக்குத் தாவாமல் மூன்றில் நிற்க வேண்டும். நிற்கும் கட்டத்தையே 'ஒண்ணு' என்று எண்ணிவிடுவது இந்த வயதுக் குழந்தைகள் எல்லா வீடுகளிலும் செய்வது. அந்தத் தவறு திருந்தும் நாளில் அந்தக் குழந்தை கணக்கில் ஒரு படி ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

வீட்டில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் எளிய பகடை ஆட்டங்கள் மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு எதைக் கற்றுத்தருகின்றன, எதைக் கற்றுத்தருவதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உளவியலாளர்களும் கல்வி ஆய்வாளர்களும் இதைப் பல கோணங்களில் சோதித்திருக்கிறார்கள். அவற்றைப் படித்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை கற்கிறது என்பது உண்மை. அந்தக் கற்றலைத் தருவது குழந்தையின் விரலும் வாயும் செய்யும் வேலை. அந்த வேலையைப் பெரியவரோ கைபேசியோ செய்து கொடுத்துவிட்டால், மிஞ்சுவது பொழுதுபோக்கு மட்டும்தான்.

எண்ணத் தெரிவதும் எண் புரிவதும்

'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று பத்து வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எண்ணத் தெரிந்துவிட்டதாக நாம் மகிழ்கிறோம். ரோச்செல் கெல்மன், சி. ஆர். கேலிஸ்டல் இருவரும் 1978-இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலுக்குள் ஐந்து தனித்தனி விதிகள் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண்பெயர். எண்பெயர்களின் வரிசை மாறக் கூடாது. கடைசி எண்பெயரே மொத்தம். எதையும் எண்ணலாம். எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. இந்த ஐந்தும் ஒரே நாளில் வருவதில்லை. கேரன் வின் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக்கியது. வாயால் நன்றாக எண்ணத் தெரிந்த சிறு பிள்ளைகளிடம் 'மூன்று பொம்மை கொடு' என்று கேட்டால், பலர் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். கடைசி எண்ணே மொத்தம் என்பது ஏறத்தாழ மூன்றரை வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது.

பகடை ஆட்டம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. புள்ளியை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. எண்ணியதை வைத்து உடனே ஒன்றைச் செய்தாக வேண்டும். செய்தது தவறானால் எதிரே இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். இப்படி எண்ணுவதற்கு ஒரு காரணமும், சரிபார்க்க ஒரு கண்ணும், மறுபடி செய்து பார்க்க அடுத்த முறையும் சேர்ந்து கிடைக்கின்றன. பயிற்சி ஏட்டில் இருக்கும் ஐந்து ஆப்பிள்களை எண்ணி வட்டத்துக்குள் 5 எழுதும் பிள்ளைக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

கொஞ்ச நாள் ஆடினால் இன்னொரு மாற்றம் தெரியும். குழந்தை புள்ளிகளை எண்ணுவதையே விட்டுவிடும். பகடை நின்ற கணத்தில் 'அஞ்சு' என்று சொல்லும். மூன்று, நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே பார்த்தவுடன் அறியும் திறன் மனிதர்களுக்கு உண்டு. 1949-இல் காஃப்மன் என்பவரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் இத்திறனுக்குத் தனிப்பெயரே வைத்தார்கள். அதற்கு மேற்பட்ட எண்களுக்குப் பழகிய அமைப்பு தேவை. நான்கு மூலைக்கு நான்கும் நடுவில் ஒன்றுமாக இருக்கும் ஐந்து, இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக நிற்கும் ஆறு ஆகியவை பகடையில் எப்போதும் ஒரே உருவில் வருவதால் மனத்தில் பதிந்துவிடுகின்றன. ஆறு என்பது மூன்றும் மூன்றும் என்பதும் கூடவே பதிகிறது. கணிதக் கல்வி ஆய்வாளர் டக்ளஸ் கிளெமென்ட்ஸ் பகுதிகளாகப் பார்த்து மொத்தத்தை அறியும் இந்தத் திறனைப் பிற்காலக் கூட்டலுக்கு அடித்தளமாகக் கருதுகிறார்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இங்கேயே ஒரு சின்ன ஆட்டம் இருக்கிறது. முறையாகச் செய்த கனசதுரப் பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வரும். மேலே இரண்டு தெரிந்தால் அடியில் ஐந்து. 'அடியில என்ன?' என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டு, தூக்கிப் பார்த்துச் சரிபார்த்தாலே போதும்.

நேர்க்கோட்டில் பத்துக் கட்டம்

இந்தத் துறையில் மிக அதிகமாகப் பேசப்பட்ட சோதனை, ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் அமெரிக்காவில் செய்தது. வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பலகை கொடுத்தார்கள். ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்கள். பகடைக்குப் பதிலாக 1, 2 மட்டும் காட்டும் சுழல்முள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்டம், ஆனால் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நிறம். ஒரு ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒவ்வோர் அமர்வும் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை. இரண்டு வாரத்துக்குள் நான்கு அமர்வுகள்.

124 பிள்ளைகள் பங்கேற்ற 2008-ஆம் ஆண்டு ஆய்வில் எண் பலகையில் ஆடியவர்கள் நான்கு திறன்களில் முன்னேறினார்கள். எண்ணுவதும், எழுதிய எண்ணை அடையாளம் காண்பதும், இரண்டு எண்ணில் பெரியது எது என்று சொல்வதும், வெற்றுக்கோட்டில் ஓர் எண் எங்கே நிற்கும் என்று குறிப்பதும் அவை. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் இருந்தது. நிறப் பலகையில் ஆடியவர்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. பலகை வட்டமாக இருந்தால் பலன் குறைகிறது என்பதை அடுத்த ஆண்டே வந்த ஆய்வு காட்டியது. நேர்க்கோட்டில் நகரும்போது எண் பெரிதாகப் பெரிதாகத் தொலைவும் கூடுகிறது, கை அசைவும் கூடுகிறது, சொல்லும் எண்பெயர்களும் கூடுகின்றன. குழந்தை எண்ணின் அளவை உடம்பாலேயே உணர்கிறது.

அதே ஆய்வாளர்கள் பிள்ளைகளிடம் வீட்டில் பலகை ஆட்டம் ஆடியதுண்டா என்றும் கேட்டார்கள். நடுத்தர வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஆடியதாகச் சொன்னார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர்கூட அப்படிச் சொல்லவில்லை. பள்ளியில் சேரும் முன்பே பிள்ளைகளுக்கிடையே கணக்கில் தெரியும் இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணம் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அடைக்க மிகக் குறைந்த செலவில் வழி இருக்கும் இடைவெளி அது.

இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாகக் கருதுவது எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வை. அவர்கள் நூறு வரை எண்ணிட்ட பலகையைப் பயன்படுத்தினார்கள். காய் 46-இல் நிற்கிறது, இரண்டு விழுகிறது. ஒரு குழுப் பிள்ளைகள் 'நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு' என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். மற்றொரு குழு, நாம் வீட்டில் செய்வதுபோல 'ஒன்று, இரண்டு' என்று சொல்லி நகர்த்தலாம். பலகை ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான். பலனில் மட்டும் பெரிய வேறுபாடு. கட்டத்தின் எண்ணைச் சொன்னவர்களே பெரிய எண்களின் அளவை நன்றாகக் கற்றார்கள்.

நம் வீடுகளில் பரமபதம் ஆடும் முறையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பலர் பரமபத சோபனப் படத்தை விரிக்கிறார்கள். மற்ற நாள்களில் அதன் தம்பியான பாம்பும் ஏணியும். 1890-களில் இங்கிலாந்துக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றி, அச்சிட்ட அட்டையாக நம்மிடமே திரும்பி வந்த ஆட்டம் இது. நூறு எண்கள் கண் முன்னே இருக்கின்றன. பிள்ளையோ ஆண்டுக்கணக்கில் 'ஒண்ணு ரெண்டு மூணு' என்று மட்டும் தத்தித் தத்திப் போகிறது. எண்பத்தேழில் பாம்பு கடித்தால் அது எண்பத்தேழு என்பதே பிள்ளைக்குத் தெரியாது, பாம்பின் தலை என்று மட்டும் தெரியும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும், புது விளையாட்டுப் பெட்டி எதுவும் வாங்கத் தேவையில்லை.

பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. வரிசைகள் ஒன்று இடமிருந்து வலமாகவும் அடுத்தது வலமிருந்து இடமாகவும் போவதால் சிறு பிள்ளைக்குத் திசை குழம்புகிறது. மேலும் ஆட்டம் நீளம். அமெரிக்காவில் 1943 முதல் விற்கும் நூறு கட்டப் பதிப்பில் ஒருவர் தனியாக ஆடி முடிக்கவே சராசரியாக ஏறத்தாழ 40 உருட்டல் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான்கு பேர் ஆடினால் ஐந்து வயதுப் பிள்ளை தன் முறைக்காகக் காத்திருப்பதிலேயே களைத்துவிடும். அந்த வயதுக்குத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரே நேர்க்கோட்டில் 1 முதல் 20 வரை கட்டம் போட்டு, இரண்டு பேர் மட்டும் ஆடுவதே நல்லது. ஐந்து நிமிடத்தில் முடியும். உடனே அடுத்த ஆட்டம். சின்ன ஆட்டத்தின் பெரிய பலம் இந்த மறுபடியும் மறுபடியும்தான்.

தாயக்கட்டையின் பதினாறு வழிகள்

வட்டப் பலகையில் பலன் குறைவு என்றால், எண்ணே எழுதாத தாயக் கட்டத்தில் சுற்றிச் சுற்றி வருவதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். எண்கோடு கிடைக்காது. லூடோவிலும் கிடைக்காது. தாயம் தருவது வேறு. தமிழர்கள் வழிவழியாக ஆடிவரும் இந்த ஆட்டத்தை அதன் கணக்கை வைத்து எடைபோட வேண்டும்.

கனசதுரப் பகடையில் இல்லாத ஒன்று தாயக்கட்டையில் இருக்கிறது. நீண்ட நான்கு முகங்களில் ஒன்று வெறுமை. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளை உருட்டி வெறும் முகமும் இரண்டும் விழுந்தால் இரண்டு. ஒன்றும் ஒன்றும் விழுந்தாலும் இரண்டு. ஒன்றுமில்லாததைக் கூட்டினால் எண் மாறாது என்பதை ஆறு வயதுப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. மற்ற எண்களைவிடச் சுழியம் குழந்தைகளுக்குத் தாமதமாகவே பிடிபடுகிறது என்று ஹென்றி வெல்மனும் கெவின் மில்லரும் 1986-இல் எழுதினார்கள். தாயக்கட்டை சுழியத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. பிறகு, இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு! அது கணக்கு அல்ல, நாமாகச் சேர்ந்து வைத்துக்கொண்ட விதி. கணக்கு எது, ஏற்பாடு எது என்ற வேறுபாட்டையும் பிள்ளை இதில் சந்திக்கிறது.

இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் பதினாறு வழிகளில் விழலாம். அவற்றில் மூன்று விழ நான்கு வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி. தாயம் எனப்படும் ஒன்றுக்கும், ஐந்துக்கும் இவ்விரண்டு வழி. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றுதான். ஆக மூன்று மலிவு, ஆறும் பன்னிரண்டும் அரிது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது வழக்கம். பதினாறில் ஆறு வழி அந்த வகை. அரிதாக விழுவதற்குப் பரிசு, மலிவாக விழுவதற்கு ஒன்றுமில்லை. யாரோ உட்கார்ந்து பதினாறையும் எழுதிப் பார்த்து வகுத்தார்களா, ஆடி ஆடித் தானாக அமைந்ததா, எப்படியானாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்த்தி இருக்கிறது.

ஆட்டத்துக்குள் இறங்கிவிட்ட ஏழு வயதுப் பிள்ளையைக் கவனியுங்கள். 'அப்பத்தா, நாலு விழுந்துச்சுன்னா ஒன்ன வெட்டிருவேன்' என்று சொல்லும்போது தன் காய்க்கும் அப்பத்தாவின் காய்க்கும் இடையே உள்ள தொலைவை அது எண்ணிவிட்டது. யாரும் கொடுக்காத கழித்தல் கணக்கு அது. அடுத்து ஆறும் ஐந்தும் மூன்றும் சேர்ந்து விழுந்தால் எந்தக் காய்க்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி. ஆறை வைத்து ஒரு காயை வெட்டுப்படாத மலைக் கட்டத்தில் ஏற்றலாமா, மூன்றை வைத்து வெட்டலாமா, எட்டாக நகர்த்தினால் சுற்று முடிந்து பழமாகுமா? எண்களைச் சேர்த்தும் பிரித்தும் பார்க்கும் இந்த வேலை ஐந்து வயதுக்கு அதிகம், ஏழெட்டு வயதுக்குச் சரியான தீனி.

தாயத்தின் குறையையும் சொல்ல வேண்டும். தாயம் விழாமல் காய் இறங்க முடியாது. ஒரு உருட்டலில் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயமே விழாமல் போகும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். அதாவது நான்கு பிள்ளைகளில் ஒன்று பத்து முறை உருட்டியும் வெளியிலேயே உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு சுவை. சிறு பிள்ளைக்கு வேதனை. ஆகவே சிறியவர்களோடு ஆடும்போது முதல் காயை இறக்கிவைத்தே தொடங்கலாம், கட்டத்தையும் ஐந்துக்கு ஐந்தாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஆந்திரத்தின் அஷ்டா சம்மாவும் கர்நாடகத்தின் சௌகாபாராவும் அந்த அளவுக் கட்டத்தில் சோழி போட்டு ஆடப்படுபவை. வீட்டில் தாயக்கட்டை இல்லையென்றால் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொண்டால் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் சோழி, கொட்டை, சிறு பகடை எதுவும் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பு என்னும் கடினமான பாடம்

பகடை ஆடும் பிள்ளைக்கு நிகழ்தகவு புரிந்துவிடும் என்று விளையாட்டுப் பெட்டிகளின் அட்டைகள் சொல்கின்றன. இதை நான் நம்பவில்லை. ஜான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1951-இல் எழுதிய நூலில், ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தற்செயலையும் காரணத்தால் நடப்பதையும் பிரித்தறிவதில்லை என்றார்கள். ஆனால் எட்டு மாதக் குழந்தைகள்கூட, பெரும்பாலும் சிவப்புப் பந்துகள் இருக்கும் பெட்டியிலிருந்து வெள்ளைப் பந்துகளாக எடுக்கப்பட்டால் வியப்போடு நீண்ட நேரம் பார்க்கின்றன என்று ஃபே ஷூவும் வஷ்டி கார்சியாவும் 2008-இல் காட்டினார்கள். ஆக, உள்ளுணர்வு மிகச் சிறு வயதிலேயே இருக்கிறது. அதைச் சொல்லாலும் காரணத்தாலும் விளக்கும் அறிவு பல ஆண்டு கழித்து வருகிறது. பகடை ஆட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

ஆட்டம் தவறான நம்பிக்கையையும் வளர்க்கக்கூடும். லூடோ ஆடும் பிள்ளையிடம் கேட்டால் 'ஆறு விழுறதுதான் கஷ்டம்' என்று சொல்லும். கனசதுரப் பகடையில் ஆறும் ஒன்றும் சமமே. ஆனால் ஆறுக்காகத்தான் ஏங்கிக் காத்திருக்கிறோம், அதனால் அது வராத முறைகள் மட்டும் நினைவில் நிற்கின்றன. எட்டு ஒன்பது வயதைத் தாண்டிய பள்ளி மாணவர்களிடமும் சில எண்கள் எளிதில் விழாது என்ற நம்பிக்கை இருப்பதை ஆஸ்திரேலியாவில் ஜேன் வாட்சனும் ஜோனதன் மோரிட்ஸும் 2003-இல் பதிவு செய்தார்கள். தாயத்திலோ ஆறு உண்மையிலேயே அரிது! இரண்டு ஆட்டமும் ஆடும் பிள்ளைக்கு ஏன் இங்கே இப்படி, அங்கே அப்படி என்று கேட்க ஓர் அருமையான வழி திறக்கிறது. எட்டு வயதில் ஒரு தாளை எடுத்து, ஐம்பது முறை உருட்டி, எது எத்தனை முறை விழுந்தது என்று கோடு போட்டு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் மட்டும் தராத பாடத்தை அந்தத் தாள் தரும்.

நிறுத்துவதா, தொடர்வதா என்ற முடிவைக் கற்றுத்தரும் ஆட்டம் ஒன்றும் உண்டு. 1945-இல் ஜான் ஸ்கார்ன் அச்சில் விவரித்த 'பிக்'. ஒரே பகடை. உருட்ட உருட்ட விழுவதைக் கூட்டிக்கொண்டே போகலாம். போதும் என்று நிறுத்தினால் அத்தனையும் நம் கணக்கில் சேரும். நிறுத்தும் முன் 'ஒன்று' விழுந்துவிட்டால் அந்த முறை சேர்த்ததெல்லாம் போய்விடும். கையில் இருபது சேர்ந்திருக்கும்போது மறுபடி உருட்டினால், ஆறில் ஒரு வாய்ப்பில் இருபதை இழப்போம், ஆறில் ஐந்து வாய்ப்பில் சராசரியாக நான்கைப் பெறுவோம். இரண்டும் சமம். இருபதுக்கு மேல் உருட்டுவது நட்டம். இதை ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்க வேண்டாம். நூறு என்ற இலக்கை முப்பதாகக் குறைத்து ஆடவிட்டால் போதும். பேராசையால் இழந்த பிள்ளை அடுத்த முறை பதினொன்றில் நிறுத்துவதைப் பார்க்கலாம். அதற்கும் அடுத்த முறை மறுபடி பேராசைப்படும். அதுவும் இயல்பே.

முறை, தோல்வி, அழுகுணி ஆட்டம்

பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் சுவிட்சர்லாந்துச் சிறுவர்களின் கோலிக்குண்டு ஆட்டத்தை ஆராய்ந்தார். ஐந்து வயது வரை பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாலும் தத்தம் ஆட்டத்தையே ஆடுகிறார்கள், எல்லாரும் வென்றதாகச் சொல்கிறார்கள். ஏழெட்டு வயதில்தான் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு ஒருவரை ஒருவர் வெல்ல முயல்கிறார்கள். ஹான்னஸ் ராக்கோட்சியும் மைக்கேல் டொமசெல்லோவும் பிறரும் ஜெர்மனியில் 2008-இல் காட்டியது இதற்கு ஒரு திருத்தம். ஆட்டத்தை ஒரு பொம்மை தவறாக ஆடினால் மூன்று வயதுக் குழந்தையே தடுத்துத் திருத்துகிறது. விதி உண்டு என்பது மூன்று வயதிலேயே தெரிகிறது. அந்த விதி தனக்கு எதிராகப் போகும்போதும் அதற்குக் கட்டுப்படுவதுதான் ஏழு வயது வரை நடக்கும் போராட்டம். விகோட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையில் சொன்னதும் இதைத்தான்: உடனடி ஆசையை அடக்கி விதிப்படி நடப்பதில் பிள்ளை ஆட்டத்தின் உச்ச இன்பத்தைக் காண்கிறது.

நம் ஊர் ஆட்டங்களில் இதற்கு அருமையான ஓர் ஏற்பாடு இருந்தது. ஆடத் தெரியாத சிறிசை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அது உருட்டும், நகர்த்தும், கத்தும், வெட்டுப்படாது, அதன் வெற்றி கணக்கில் வராது. பெரிய பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்தே முழு ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு அடுத்த கோடை விடுமுறையில் முழு ஆட்டக்காரனாக இறங்கும். ஒரே வயதுப் பிள்ளைகளை மட்டும் கூட்டி வைத்து 'சேர்ந்து விளையாடு' என்று சொல்லும் இன்றைய ஏற்பாட்டைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

பகடை ஆட்டத்தில் தோற்பதற்குத் தனிச் சிறப்பு உண்டு. சதுரங்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை அப்பாவை வெல்ல வேண்டுமென்றால் அப்பா விட்டுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். முழுக்க வாய்ப்பை நம்பிய ஆட்டத்தில் இருவர் ஆடினால் நான்கு வயதுக் குழந்தையும் பாதி ஆட்டத்தை நேர்மையாகவே வெல்லும். விட்டுக்கொடுக்கவே தேவையில்லை. தோற்றாலும் ஐந்து நிமிடத்தில் அடுத்த ஆட்டம். ஒரு மணி நேரம் ஆடித் தோற்ற பிள்ளைக்கு அழுகை வருவது நியாயம். ஐந்து நிமிட ஆட்டத்தில் தோற்றால் அழுவதற்குள் அடுத்த பகடை உருண்டுவிடுகிறது. ஆகவே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பகடையைத் திருப்பிவைத்துப் பிள்ளையை வெல்ல வைக்காதீர்கள். அழுகுணி ஆட்டம் ஆடும் பிள்ளையையும் பொய்யன் என்று பழிக்காதீர்கள். 'அஞ்சு விழுந்துச்சு, அஞ்சுதான் வைக்கணும்' என்று அமைதியாகச் சொன்னால் போதும். நான்கு வயதில் அது குணக்கேடு அல்ல, இன்னும் வளராத கட்டுப்பாடு.

போட்டியே வேண்டாம் என்போருக்கு ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 1986-இல் வெளியிட்ட பழத்தோட்ட ஆட்டம் ஒரு வழி. நிறப் பகடை உருட்டி, காக்கை வந்து சேரும் முன் எல்லாரும் சேர்ந்து பழங்களைப் பறித்துவிட வேண்டும். கூட்டாக ஆடிய பாலர் பள்ளிக் குழந்தைகள் பிறகு மற்றொரு குழந்தையோடு கூடுதலாகப் பகிர்ந்துகொண்டார்கள் என்றும், புதிய குழந்தையைத் தம்மோடு சேர்த்துக்கொள்வதில் மாற்றம் தெரியவில்லை என்றும் ஜெர்மனியில் நடந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. நற்குணம் வளர்க்கும் கருவியாக ஆட்டத்தை விற்பவர்கள் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எதுவரை நம்பலாம்?

சான்றுகளின் எல்லையையும் பார்த்துவிட வேண்டும். மூன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் பலகை ஆட்டங்களின் கணிதப் பலனை ஆராய்ந்த 19 ஆய்வுகளைச் சிலி நாட்டு ஆய்வாளர்கள் 2023-இல் தொகுத்தார்கள். சோதித்த பணிகளில் 52 விழுக்காட்டில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் ஆடாத ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதலாக முன்னேறியது 32 விழுக்காட்டில்தான். நல்ல செய்திதான், ஆனால் அளவான நல்ல செய்தி.

இந்தியாவிலிருந்து வந்த சான்று இன்னும் கண்டிப்பானது. எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் டெல்லியில் பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பின் 214 பாலர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளிடம் கணக்கு விளையாட்டுகளைச் சோதித்தார்கள். முடிவு 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. எண்ணின் அளவையும் வடிவத்தையும் உணரும் திறன் கூடியது, ஓராண்டுக்கு மேல் நீடித்தது. தொடக்கப் பள்ளியின் எழுத்துக் கணக்கிலோ முன்னேற்றம் இல்லை. விளையாட்டில் பெற்ற உணர்வு எழுதிய எண்ணோடும் சொல்லும் எண்பெயரோடும் தானாக இணைந்துவிடுவதில்லை என்றே இதை நான் படிக்கிறேன். எண்ணைப் பார்த்து, வாயால் சொல்லி, கையால் நகர்த்திய அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலனோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த இணைப்பைப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்தான் உண்டாக்க வேண்டும் என்பது தெளிவு.

கைபேசி லூடோவை இங்கேதான் எடைபோட வேண்டும். பகடையை உருட்டுவது கைபேசி. புள்ளியை எண்ணுவது, காயை நகர்த்துவது, வெட்டுவது, தவறைத் தடுப்பது, அடுத்தவர் முறையை அறிவிப்பது அத்தனையும் அதுவே. குழந்தை செய்வது திரையைத் தொடுவது மட்டும். கட்டுரையின் தொடக்கத்தில் அடுக்கிய வேலைகளில் ஒன்றுகூடக் குழந்தையிடம் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே ஆட்டம் என்று எண்ணிவிடக் கூடாது.

பகடை என்றாலே சூது என்று அஞ்சும் பெரியவர்களை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பாரதக் கதை முழுதும் ஒரு பகடை ஆட்டத்தில் தடம் மாறுகிறது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2023-இல் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. தாயம் உருட்டினால் வீட்டுக்கு ஆகாது என்ற பேச்சுக்குப் பின்னால் சொத்தைத் தோற்ற குடும்பங்களின் நினைவு இருக்கக்கூடும். அதற்கான விடை, பந்தயம் கூடாது என்பதே. காசு மட்டுமல்ல, மிட்டாயும் வேண்டாம், தோற்றவர் செய்ய வேண்டிய வேலையும் வேண்டாம். கீழடி அகழாய்வில் பகடைகள் கிடைத்திருக்கின்றன. மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் கிடைத்திருக்கின்றன. இவ்வளவு காலம் கூட வந்த ஒரு பொருளைப் பந்தயக்காரர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுப்பது பிள்ளைகளுக்கு இழப்பு.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படை எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதே இலக்குக்கு அங்கன்வாடியிலேயே விதை போடலாம். ஒவ்வோர் அங்கன்வாடியின் தரையிலும் 1 முதல் 20 வரை ஒரு நேர்க்கோட்டுக் கட்டம் நிரந்தரமாக வரையப்பட வேண்டும். இரண்டு பெரிய பகடைகளும் ஒரு சோடித் தாயக்கட்டையும் அங்கே இருக்க வேண்டும். காய் நகரும்போது கட்டத்தின் எண்ணை உரக்கச் சொல்ல வைக்கும் முறையைப் பணியாளர்களுக்குப் பழக்க வேண்டும். கூடவே, அமெரிக்காவில் எண் பலகையை வைத்துச் செய்ததுபோன்ற முறையான சோதனையைத் தாயத்தை வைத்து நம் பல்கலைக்கழகங்களின் கல்வித் துறைகள் நம் குழந்தைகளிடம் செய்து, பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். சுண்ணாம்பும் பகடையும் இரண்டு வாரப் பொறுமையும்தான் அதற்கு ஆகும் செலவு.